வாசற்காலைப் பிடித்த கை

அந்த வீட்டில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். மாமனார் கூப்பிட்டால் சரி. தபால்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார், பால் ஊற்றுகிறவரும் அப்படித்தான். பழைய நாணயம் வாங்கக் கடைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "தேங்க்யூ, மிஸ்டர் மாப்ளே" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். மனைவியின் தம்பியான மச்சான் அதை நடித்துக் காட்டியே ஒரு மாதம் ஓட்டினான். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. மகள் படிப்பு என்று சொல்லிக்கொண்டு வெளியூர் விடுதிக்குப் போய்விட்டாள். அந்த வீட்டிலிருந்து முதலில் தப்பித்தது அவள்தான். இவர் மட்டும் அன்று வந்து இறங்கிய மாப்பிள்ளையாகவே இருந்தார்.

தெருவைப் பார்த்தாற்போல் மாமனாரின் நாணயக் கடை. அதை ஒட்டிச் சில படிகள் இறங்கினால் மாப்பிள்ளை வேலை செய்யும் அறை. மேலே குடும்பம். வேலை அறையின் ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருந்ததால், வெளியே போகிறவர்களின் கால்கள் மட்டுமே அவருக்குத் தெரியும். செருப்பையும் நடையையும் வைத்தே அந்தத் தெருவில் யார் யார் என்று சொல்லிவிடுவார். அறையிலிருந்து ஒரு மரப்படிக்கட்டு நேராகச் சமையலறைக்கு ஏறியது. மழையானாலும் வெயிலானாலும் வேலைக்குப் போக அவர் தெருவில் கால் வைக்கவேண்டியதில்லை. "கொடுத்து வெச்சவர்ங்க நீங்க" என்பார்கள் தெரிந்தவர்கள். அவரும் ஆமாம் என்று தலையாட்டிவைப்பார்.

தினமும் காலையில் மாமனார் அந்தப் படிக்கட்டின் மேலே நின்று குரல் கொடுப்பார்.

"மாப்ளே, இருக்கீங்களா?"

"இருக்கேன் மாமா."

அவ்வளவுதான். பதில் வந்ததும் மாமனார் கடையின் ஷட்டரைத் தூக்கப் போய்விடுவார். வேறு எங்கே இருந்துவிடப் போகிறார் என்று அவரும் கேட்டுக்கொண்டதில்லை, இவரும் கேட்டுக்கொண்டதில்லை.

இவர் கைக்கு வந்தவை பெரும்பாலும் ரோமப் பேரரசின் கடைசிக் காலத்து வெண்கலக் காசுகள். தங்கமும் வெள்ளியும் மண்ணிலிருந்து வந்தாலும் முகம் கழுவினால் போதும், பளிச்சென்று ஆகிவிடும். வெண்கலம் அப்படியில்லை. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய மண்கட்டியாக, எது தலை எது பூ என்றே தெரியாமல் வரும். பிளாஸ்டிக் டப்பாக்களில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி ஊறவைப்பார். தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றுவார். பிறகு ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, ஊசியால் மண்ணை இளக்கி எடுப்பார். வலது கையில் ஊசி, இடது கை மேசை விளிம்பைப் பிடித்திருக்கும். உடம்பு அசைந்தால் ஊசி அசையும் என்பதால் அந்தப் பிடி. பல வருடப் பிடியில் மேசையின் அந்த இடம் மட்டும் வழவழப்பாகக் குழிந்துவிட்டது.

மனைவி பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்தாள். முனை தேய்ந்ததென்று டாக்டரம்மா ஒதுக்கிய கருவிகளை அவள்தான் இவருக்குக் கொண்டுவந்து தருவாள். பல்லில் காறை எடுக்கும் கொக்கி, காசில் காறை எடுக்கவும் நன்றாகவே உதவியது. "அங்கேயும் ஊத்தை, இங்கேயும் ஊத்தை. நல்ல ஜோடிதான்" என்பான் மச்சான். மற்றபடி அவள் அந்த அறைக்குள் தங்கமாட்டாள். மைக்ராஸ்கோப்பில் ஒருமுறைகூடக் கண் வைத்துப் பார்த்ததில்லை. பச்சைப் பாசியில் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி.

பார்க்க இருந்தது என்னவோ உண்மை. ஒரு பக்கம் பேரரசரின் தலை: முத்துப் பட்டம் கட்டி, பெரிய கண்ணை விரித்து, எங்கேயோ மேலே பார்த்துக்கொண்டிருக்கும் தலை. ஆட்சி மாறும், தலை மாறாது. தகப்பனா மகனா, கொன்றவரா கொல்லப்பட்டவரா என்பதைச் சுற்றியிருக்கும் எழுத்தைப் படித்துத்தான் சொல்லவேண்டும். "எல்லா ராஜாவும் ஒரே சலூன்ல முடி வெட்டியிருக்காங்க" என்பான் மச்சான். மறுபக்கத்தில்தான் காட்சிகள். யாரும் உள்ளே போகாத, யாரும் வெளியே வராத கோட்டை வாசல். நடுவில் கொடிக்கம்பத்தை வைத்துக்கொண்டு எதிரெதிரே நிற்கும் இரண்டு வீரர்கள். ஒரு கைதியின் முடியைப் பிடித்து இழுத்துப் போகும் பேரரசர். குதிரையிலிருந்து சரிகிறவனை ஈட்டியால் குத்தும் வீரன். சரிகிறவன் ஒரு கையைப் பின்னால் உயர்த்தியிருப்பான். அந்தக் காட்சியைச் சுற்றி, நல்ல காலம் திரும்பிவிட்டது என்று பொருள்படும் எழுத்து. இதை ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்.

"குதிரையிலேர்ந்து விழறவன்கிட்ட கேட்டாங்களாமா?" என்றாள் அவள்.

அதே எழுத்தோடு இன்னொரு காட்சியும் உண்டு. ஒரு மரம், அதன் கீழே ஒரு குடிசை, குடிசைக்குள்ளிருந்து குனிந்து வரும் சின்ன உருவம். ஈட்டி பிடித்த வீரன் ஒருவன் அந்தச் சின்ன ஆளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போகிறான். போகிற போக்கில் தலையைத் திருப்பி அவனைப் பார்க்கிறான். காப்பாற்றிக் கூட்டிப் போகிறானா, பிடித்துக்கொண்டு போகிறானா என்பது இன்றுவரை முடியாத வாதம். காசில் இருப்பது ஒரு கையும் இன்னொரு கையும் மட்டுமே. எந்தக் கை எதை விரும்பியது என்பதை வெண்கலத்தில் அச்சடிக்க முடியாது.

இந்த வேலையில் வெளியாட்களுக்குச் சுலபத்தில் பிடிபடாத விஷயம் ஒன்று இருக்கிறது. படம் உலோகத்தில் இல்லை. மண்ணுக்குள் கிடந்த காலத்தில் காசின் மேல்தோல் பச்சையாகவோ கறுப்பாகவோ மாறிவிடுகிறது. அச்சுப் பதிந்த மூக்கும் கண்ணும் எழுத்தும் இப்போது அந்தக் களிம்புத் தோலில்தான் மிச்சம் இருக்கின்றன. அதற்கு மேலே இருப்பது மண். அதற்குக் கீழே இருப்பது வெறும் செம்பு. அதில் யாரும் இல்லை. ஆகவே மண்ணுக்கும் தோலுக்கும் இடையில் ஊசியை நிறுத்தத் தெரியவேண்டும்.

ஆனால் பழகிய கைக்கு வேறொரு ஆபத்து வருகிறது. நாணயத்தின் ஓரத்தில் ஒரு மரக்கிளை தெரிந்ததுமே இது குடிசைக் காசு என்று தெரிந்துவிடும். குடிசை எங்கே, வீரன் எங்கே, ஈட்டி எங்கே என்று மனம் முன்கூட்டியே வரைந்துவிடும். பிறகு ஊசி வேகமாகப் போகும். பார்த்ததைத் தெரிந்துகொள்வது போய், தெரிந்ததைப் பார்க்க ஆரம்பிக்கிறோம். பெரும்பாலும் தப்பில்லாமல் முடியும். அப்படி முடிவதுதான் ஆபத்து.

மகளைப் பள்ளியில் சேர்த்த வருடம் கணவனும் மனைவியும் தனியாகப் போவதென்று முடிவு செய்தார்கள். உண்மையில் முடிவு மனைவியுடையது. அவள் பிறந்ததும் அந்த வீடு, வாழ்க்கைப்பட்டதும் அந்த வீடு. "கல்யாணமாகி நான் போன தூரம் ஒரு வராண்டா" என்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. தன்னுடைய சமையலறை, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கதவு. ஒரு சின்ன வீடு பார்த்துப் பேசி முடித்தாள். பாத்திரங்கள் வாங்கி அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். போகவேண்டிய நாள் காலையில் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு வாயுத் தொல்லை என்றார். ஆனாலும் போகவில்லை. அப்பாவை இந்த நிலையில் விட்டுவிட்டுப் போவதா என்று மாப்பிள்ளைதான் முதலில் சொன்னார். அட்டைப் பெட்டி பரணில் ஏறியது.

அந்த மழைக்காலத்தில்தான் குடிசைக் காசு ஒன்று அவரிடம் வந்தது. மரமும் வீரனும் அருமையாக மேலே வந்தார்கள். சின்ன ஆளின் ஒரு கை வீரன் பிடியில் இருந்தது. மற்றக் கை இருக்கவேண்டிய இடத்தில், குடிசையின் வாசலை ஒட்டி, கல்லாக இறுகிய கட்டி ஒன்று. அதை மூன்று மதியங்கள் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட ஒரு முழங்கை தெரிந்தது. பிறகு மணிக்கட்டு. பிறகு விரல்கள். அந்தச் சின்ன ஆள் குடிசையின் வாசற்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அதுவரை யாரும் பார்த்திராத காட்சி. மாமனார் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இந்தக் கண்ணு இருக்கே உங்க கண்ணு!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அன்று மத்தியானமே நாலு பேருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை திரும்பப் பார்த்தார். ராத்திரி தூங்கி எழுந்த கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தது. விரல்களின் ஓரத்தில் பச்சைத்தோல் ஒடிந்திருந்தது. ஒடிந்த இடத்தில் செம்பு மின்னியது. முழங்கை வளைந்த விதம் பல் டாக்டரம்மாவின் கொக்கி வளைந்த விதம். கை காசில் இல்லை. அவர் செதுக்கிவிட்டிருந்தார். ஏமாற்றவேண்டும் என்று செய்யவில்லை. செதுக்குகிற மூன்று மதியமும் அவர் அதைக் கண்டதாகவே நம்பினார். ஆனால் மெழுகில் கொஞ்சம் பச்சைப்பொடி கலந்து அந்த ஒடிந்த இடத்தை மூடியபோது, என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்துதான் செய்தார்.

மாமனார் அதை விற்கவில்லை. பக்கத்து ஊர் மியூசியத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். கொடுக்கும்போது எடுத்த படம் கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது. படத்தில் மாமனார் சிரிக்கிறார். ஓரத்தில் பாதித் தோள் ஒன்று தெரிகிறது. அது மாப்பிள்ளையுடையது.

வருடங்கள் போயின. சென்ற ஆண்டு அதே மியூசியத்துக்குப் பக்கத்தில் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஒரு பானை நிறைய வெண்கலக் காசுகள் கிடைத்தன. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தன. சுத்தம் செய்ய நிரந்தரமாக ஓர் ஆள் தேவை, தங்குவதற்குப் பின்கட்டில் சமையலறையோடு இரண்டு அறைகள் தரப்படும் என்ற செய்தி மனைவியின் ஆஸ்பத்திரிக்குப் பல் பிடுங்க வந்த ஒருவர் வாய்வழியாக அவளுக்கு வந்தது. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு அவர் சொன்னதை அவள் முழுவதுமாக வாங்கிக்கொண்டாள்.

"போய்ப் பாத்துட்டு வரலாம். அப்பாகிட்ட இப்ப சொல்லவேணாம்" என்றாள்.

"மாமா கேட்டா?"

"எனக்குப் பல் வலின்னு சொல்லுங்க. நான் பல் ஆஸ்பத்திரியிலதானே வேலை பாக்கறேன், ஒத்துவரும்."

இருவரும் பஸ்ஸில் போனார்கள். மியூசியத்தின் ஆய்வறைக்குப் பொறுப்பாக இருந்த அம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். மெதுவாகப் பேசினார். மனைவியை வாட்ச்மேனோடு பின்கட்டைப் பார்க்க அனுப்பிவிட்டு, மாப்பிள்ளையை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்தார். அந்த அறையின் ஜன்னல் உயரமானது. வெளியே மரங்களின் தலை தெரிந்தது. அங்கே உட்கார்ந்தபோது இடது கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மேசை விளிம்பு உலோகத்தில் இருந்தது, சில்லிட்டது.

அம்மாள் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். "இதுல சிலதுல பிற்காலத்துல யாரோ கை வெச்சிருக்காங்க. எதெதுன்னு சொல்லுங்க. அவசரமில்ல."

ஒன்றில் பேரரசரின் கண் மறுபடி வெட்டப்பட்டிருந்தது, சொன்னார். ஒன்றில் எழுத்துக்கள் ஆழப்படுத்தப்பட்டிருந்தன, சொன்னார். ஒன்றைச் சுத்தமானது என்று தள்ளிவைத்தார். அம்மாள் அதை எடுத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் காட்டி, உடைந்த விளிம்பைச் சாயமிட்ட பசையால் நிரப்பியிருப்பதைக் காட்டினார். "எல்லாரும் இதை விட்டுடுவாங்க, பரவாயில்ல" என்றார். பிறகு அடுத்தது.

தொடுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. மரம், குடிசை, வீரன், வாசற்காலைப் பிடித்த கை.

கொஞ்ச நேரம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது செதுக்கினது" என்றார்.

"எங்க?"

"சின்ன ஆளோட கை."

அம்மாள் சிரித்தார். "எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம். போன வாரம் மெழுகைக் கரைச்சுப் பாத்தேன். குடுத்தவர் மனசு நோகக்கூடாதுன்னு யார்கிட்டயும் சொல்லல. உங்க மாமனார்தானே? அவருக்கு எங்க தெரிஞ்சிருக்கும் பாவம். எங்கேயோ கை மாறி வந்ததா இருக்கும்." தட்டை எடுத்து அலமாரியில் வைக்கத் திரும்பினார். திரும்பியபடியே கேட்டார்: "எப்ப வந்து சேர முடியும்?"

இங்கே பேச்சு முடிந்திருக்கலாம். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. கேள்வி ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதற்கு ஒரு தேதியைச் சொன்னால் போதும்.

"அதைச் செதுக்கினது நான்தான்" என்றார் அவர்.

இதை நேர்மை என்று சொல்லலாம். பலரும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லை இங்கே வைக்கத் தயக்கமாக இருக்கிறது. பல வருடங்கள் சொல்லாமல் வைத்திருந்த உண்மை, கதவு திறந்த நிமிடத்தில் பார்த்து ஏன் வெளியே வரவேண்டும் என்று கேட்டால் அதற்கு நேர்மை மட்டும் பதிலாகாது.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடந்ததைக் கேட்டார், அவர் மூன்று மதியங்களையும் சொன்னார், மெழுகையும் சொன்னார்.

"நீங்க சொன்னது பெரிய விஷயம்" என்றார் அம்மாள். "ஆனா எனக்குக் கஷ்டம் என்னன்னா, இனிமே அந்தப் பானையிலேர்ந்து நீங்க ஒரு காசை எடுத்துக் குடுத்தா, இதுல இருக்கறது அந்தக் காலத்துல அடிச்சதா நீங்க பாத்ததான்னு ஒவ்வொரு தடவையும் நான் யோசிக்கணும். உங்க கையைப் பத்தி எனக்குச் சந்தேகமில்ல. உங்க கண்ணைப் பத்தித்தான்."

அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார்.

வாசலில் மனைவி வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தாள். "உங்க வீட்டம்மா அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் தொறக்கறாங்க சார். தேஞ்சே போயிடும்" என்றார் வாட்ச்மேன். அவள் பஸ்ஸில் ஏறியதும் பேச ஆரம்பித்தாள். குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது. அடுப்பு மேடை கொஞ்சம் உயரம், ஒரு பலகை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு சுவர், அதனால் என்ன, சுவரை எனக்குப் பிடிக்கும். அவர் பாதி வழி வரை அவளைப் பேசவிட்டார். பிறகு சொன்னார்.

அவள் முழுதாகக் கேட்டாள்.

"செதுக்கினதுன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாமே. யார் செதுக்கினதுன்னு அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். ஏன் சொன்னீங்க?"

"தெரியல."

ஊர் வந்ததும் அவள் முன்னால் இறங்கி நடந்தாள்.

மாமனாரிடம் அவரே போய்ச் சொன்னார். போனதையும் சொன்னார், கையையும் சொன்னார். மாமனார் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் மட்டும், "மியூசியத்துக்கே டிமிக்கி குடுத்திருக்கீங்க! உங்களைப் போய் வெகுளின்னு நெனச்சேனே மச்சான்" என்றான். மாமனார் கையை உயர்த்தியதும் அவன் வாயை மூடிக்கொண்டான்.

"மாப்ளே, இத்தனை வருஷத்துல நான் உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"இல்ல மாமா."

"சாப்பாட்டுல குறை வெச்சிருக்கேனா?"

"இல்ல மாமா."

"இப்பவும் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஏன் போனீங்கன்னும் கேக்கமாட்டேன். நாளைக்கு நானே போய் அதைத் திரும்ப வாங்கிட்டு வந்துடறேன். வெளிய யாருக்கும் தெரியவேணாம். தெரிஞ்சா உங்களை யாரு உள்ள சேர்ப்பாங்க? நம்ம வீடு இருக்கு. இருங்க."

திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. திட்டினால் ஒருவன் கோபித்துக்கொண்டு வெளியேறலாம். மன்னித்தவரை விட்டு எப்படிப் போவது?

"அந்தப் படத்தை என்னப்பா செய்யறது?" என்றான் மச்சான்.

"இருக்கட்டும். எடுத்தா சுவர்ல சதுரமா வெள்ளை தெரியும்."

மாமனார் சொன்னபடி நாணயத்தை வாங்கி வந்தார். மியூசியத்தில் மறுக்கவில்லை. அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வேலை மேசையில் வைத்து, "அந்தக் கையை எடுத்துடுங்க மாப்ளே. அது ஒண்ணுதான் உறுத்தல்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

எடுக்க முடியாது என்பது மாமனாருக்குத் தெரியாது. செதுக்கிய இடத்தைச் சுரண்டினால் இருக்கும் தோலும் போய்விடும். கையோடு சேர்ந்து வாசற்காலும், சின்ன ஆளின் பாதி உடம்பும் போய்விடும். நாணயம் சில நாட்கள் மைக்ராஸ்கோப்பின் கீழேயே கிடந்தது. அவர் வேறு டப்பாக்களில் தண்ணீர் மாற்றினார்.

ஒருநாள் காலை மனைவி மரப்படிக்கட்டில் இறங்கி வந்தாள். வெளியே கிளம்பிய சேலையில் இருந்தாள். கையில் ஒரு பை. பல் கொக்கி ஏதாவது கொண்டுவந்திருக்கிறாளோ என்று அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கே, அதைக் காட்டுங்க" என்றாள்.

அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். எப்படிப் பார்ப்பது என்று சொன்னார். இமை இடித்தது, ஒன்றும் தெரியவில்லை என்றாள். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு அவள் அசையாமல் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "இந்தப் பெரிய ஆளு யாரு?"

"படைவீரன். குடிசையிலேர்ந்து அவனை வெளிய கூட்டிட்டுப் போறான்."

"எங்க கூட்டிட்டுப் போறான்?"

"அது யாருக்கும் தெரியாது. நல்ல இடத்துக்குன்னு சிலர் சொல்றாங்க."

"சின்ன ஆளு கதவைப் பிடிச்சிட்டு இருக்கானே."

"அவன் பிடிக்கல. நான்தான் பிடிக்க வெச்சேன்."

அவள் கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "இது எந்த வருஷம் செஞ்சது? பாத்திரம் எல்லாம் வாங்கி அடுக்கினோமே, அந்த வருஷமா?"

"ஆமா. அந்த மழைக்காலம்."

அவள் சிறிது நேரம் இன்னும் பார்த்தாள். எழுந்தபோது முகத்தில் கோபம் இல்லை. நெடுநாள் கணக்கு ஒன்றுக்கு விடை வந்தால் ஒரு முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அப்பாவாலதான் போக முடியலன்னு இத்தனை நாளா நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

பைக்குள்ளிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினாள்.

"டாக்டரம்மாவோட பழைய வீட்டு மாடி காலியாகுது. அடுத்த தெருதான். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. சாவி வாங்கிட்டேன்."

"எப்ப வாங்கினே?"

"மியூசியம் போயிட்டு வந்த மறுநாளே."

"மாமாகிட்ட..."

"சொல்லிட்டேன். நெஞ்சைப் பிடிச்சார். வாயு மாத்திரை குடுத்துட்டு வந்திருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இருவரும் சிரித்து வெகு நாளாகியிருந்தது. பிறகு அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். உள்ளே பாத்திரம் இடித்துச் சத்தம் வந்தது.

"உங்களை வரச்சொல்லிக் கேக்கல. கையைப் பிடிச்சு இழுக்கவும் மாட்டேன். அதான் பாத்தேனே. கதவைத் தொறந்துதான் வெச்சிருப்பேன், வரணும்னா நீங்களா வாங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். ராத்திரி தாழ்ப்பாள் போட்டுடுவேன்."

மரப்படிக்கட்டில் ஏறாமல், கடை வழியாகப் போய், ஷட்டருக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவளுடைய செருப்பை அவருக்குத் தெரியும். தினமும் இந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு இடது பக்கமாகப் போகும் செருப்பு. இன்று அது கொஞ்சம் நின்றது. பையைக் கை மாற்றிக்கொண்டிருப்பாள். பிறகு வலது பக்கமாகப் போனது.

அடுத்த தெருவுக்கு அதிக தூரமில்லை. கடை வழியாகப் போனால் சில படிகள்தான். அவர் எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தார். நாற்காலியில் முன்னுக்கு நகரவும் செய்தார். மைக்ராஸ்கோப்பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுப் போகலாம் என்று கையை நீட்டினார். நீட்டியது வலது கை. இடது கை மேசை விளிம்பில், குழிந்த அந்த இடத்தில், தன்பாட்டில் போய் உட்கார்ந்திருந்தது. விரல்கள் விளிம்பைச் சுற்றி மடங்கியிருந்த விதத்தை அவர் பார்த்தார். முழங்கை வளைந்திருந்த விதத்தையும் பார்த்தார். கொக்கியின் வளைவு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தது கொக்கியின் வளைவு அல்ல.

மேலே காலடிச் சத்தம் கேட்டது. மாமனார் சமையலறையைத் தாண்டிப் படிக்கட்டுக்கு வந்தார். நெஞ்சுவலி இறங்கிவிட்டது போலிருக்கிறது, குரல் திடமாகவே இருந்தது.

"மாப்ளே, இருக்கீங்களா?"

கையை எடுக்கப் பார்த்தார். வெளியே நடைபாதையில் யார் யாருடைய கால்களோ போய்க்கொண்டிருந்தன.

"மாப்ளே?"

"இருக்கேன் மாமா" என்றார்.

ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது.